பாடிப் போகிறவரின் முழங்கால்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆழ்வார்திருநகரிப் பக்கம் வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயலும் வாழைத் தோட்டமும்தான். பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி, கடலில் கலப்பதற்கு முன் கடைசியாக நீர் பாய்ச்சும் பூமி இது. அறுவடை முடிந்த வயலிலோ ஊர்ப் பொட்டலிலோ மாலை வேளையில் காலாலேயே கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகப் பழைய வழக்கம். அத்தகைய ஊர்களுள் ஒன்று மணத்தி.

இந்தச் சிற்றூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து உலகறியச் செய்தவர் கபடி வீரர் மணத்தி கணேசன். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி முதன்முதலாக இடம் பெற்றது 1990-ல், பெய்ஜிங்கில். அடுத்த போட்டி 1994-ல் ஜப்பானிலுள்ள ஹிரோஷிமாவில் நடந்தது. அதில் தங்கம் வென்ற இந்திய அணியில் கணேசன் ஆடினார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் இயக்குநர் மாரி செல்வராஜ் 'பைசன் காளமாடன்' என்ற திரைப்படத்தை எடுத்தார். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திரைப்படத்தில் கதை இருக்கும், பாட்டு இருக்கும். நாம் இங்கே பார்க்கப் போவது வேறொன்றை. எதிரணியின் எல்லைக்குள் தன்னந்தனியாகப் பாடிப் போகும் ஒருவருடைய உடலுக்குள் என்ன நடக்கிறது? அவருடைய ஆட்ட வாழ்க்கை எந்த இடத்தில் அறுந்து போகக்கூடும்?

ஆடவர் ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அணிக்கு ஏழு பேர். பாடிப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டி, 3.75 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டையும் கடந்தாக வேண்டும். எதிரே ஏழு பேர் கைகோத்து வளைக்கக் காத்திருப்பார்கள். யாரையாவது தொட்டுவிட்டு மீள வேண்டும். இதற்கு இன்று கொடுக்கப்படும் நேரம் 30 வினாடி. அந்தக் காலத்துக் கிராமத்துச் சடுகுடுவில் கடிகாரம் ஏது? மூச்சுதான் கடிகாரம்.

இந்த 30 வினாடிக்கும் மூச்சுக்கும் உள்ள பொருத்தத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நன்கு வளர்ந்த இளைஞர் ஒருவர் நுரையீரல் நிறைய இழுத்து, முடிந்தவரை வெளியேற்றினால் ஏறத்தாழ நாலரை லிட்டர் காற்று வரும். பேசும்போதோ பாடும்போதோ குரல்நாண்களின் வழியே வினாடிக்குச் சுமார் 150 மில்லி லிட்டர் காற்று வெளியேறுகிறது என்று வைத்துக் கொள்வோம். 4500-ஐ 150-ஆல் வகுங்கள். 30 வருகிறதல்லவா? நாற்காலியில் அமர்ந்தபடி, ஒரே மூச்சில் "கபடி, கபடி" என்று சொல்லி நண்பனை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். (நின்றுகொண்டு செய்ய வேண்டாம். தலை சுற்றி விழுந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.)

உட்கார்ந்திருக்கும்போதே இப்படி என்றால், ஓடும்போது? தசைகள் வேலை செய்யச் செய்யக் கரியமில வாயு இரத்தத்தில் பெருகுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதை உணர்ந்து, 'மூச்சை இழு, இழு' என்று நெருக்குகிறது. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் உயிர்வளி தீர்ந்து போனதால் அல்ல. கரியமில வாயு சேர்ந்துவிட்டதால். பயிற்சி பெற்ற ஆட்டக்காரர் இந்த நெருக்குதலைச் சற்று நேரம் பொறுத்துக் கொள்ளப் பழகியிருப்பார். அவசரமாகத் தேவைப்படும் ஆற்றலோ தசைக்குள்ளேயே சேமித்து வைத்த வேதிப் பொருளிலிருந்து கிடைக்கிறது. ஆனால் முழு வேகத்தில் அது பத்து வினாடிக்குத்தான் வரும். ஆகவேதான் அனுபவசாலிகள் உள்ளே நுழைந்தவுடன் பாய்வதில்லை. இடமும் வலமும் மெல்ல அசைந்து நேரம் பார்த்து, அந்தப் பத்து வினாடியைத் தொடுவதற்கும் திரும்புவதற்கும் வைத்துக் கொள்கிறார்கள்.

மூச்சு போனால் ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான். ஆட்டக்காரரின் வாழ்க்கையையே பறித்துவிடக் கூடிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது. முழங்கால்!

உங்கள் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். தொடை எலும்பின் உருண்ட முனை, கீழ்க்கால் எலும்பின் தட்டையான மேடையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டையும் இடுப்பு மூட்டையும் போலக் கிண்ணத்துக்குள் பந்து பொருந்திய அமைப்பு இல்லை இது. உருண்டையைப் பலகைமேல் வைத்தது போலத்தான். அது நழுவாமல் காப்பவை நான்கு தசைநார்கள். அவற்றுள் இரண்டு மூட்டின் உள்ளேயே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. முன்புறம் இருப்பதை முன் சிலுவைத் தசைநார் என்பார்கள். "ஜவ்வு கிழிந்து போச்சு" என்று விளையாட்டு வீரர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.சி.எல். என்பார்கள்.

நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். தடிமன் உங்கள் சுண்டுவிரல் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகிக் கொள்ளாமலும் இது பிடித்து வைக்கிறது. இளைஞர் ஒருவரின் முன் சிலுவைத் தசைநார் ஏறத்தாழ 2000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். அதாவது 200 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிடலாம். விரல் அளவு நாருக்கு இது பெரிய வலிமைதான். ஆனால் சடுகுடு ஆட்டத்தில் எழும் விசைகள் என்ன?

இயற்பியல் பாடத்தில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதியை எடுத்துக் கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மாணவர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடிச் சென்று, எதிராளியைத் தொட்டுவிட்டு, ஒரு காலை ஊன்றி 0.2 வினாடியில் நிற்கிறார். முடுக்கம் வினாடிக்கு வினாடி 20 மீட்டர். விசை 60 பெருக்கல் 20, அதாவது 1200 நியூட்டன். அவருடைய எடையைப் போல இரு மடங்கு, அதுவும் பக்கவாட்டில், ஒற்றைக் காலில்! நின்றதோடு முடியவில்லை, அதே காலில் உந்தித் திரும்பி ஓடவும் வேண்டும். இந்த விசை முழுவதும் அந்த நாரின்மேல் விழுவதில்லை. தொடைத் தசைகள் பெரும்பங்கைத் தாங்கிக் கொள்கின்றன. தசைகள் தம் வேலையைச் சரியாகச் செய்யாத அந்த ஒரு கணத்தில்தான் நார் மாட்டிக் கொள்கிறது.

இந்த இடத்தில் நாம் தாமிரபரணிக் கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வேக்கு. காரணம், இந்த 'ஒரு கணம்' எவ்வளவு நேரம் என்பதை அளந்து சொன்னவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நார்வேயின் மக்கள் தொகை அறுபது லட்சத்துக்கும் குறைவு. அங்கே குளிர்காலத்தில் கூரையுள்ள அரங்கினுள் ஆடும் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு மிகுந்த செல்வாக்கு. (தமிழில் கைப்பந்து என்றால் வாலிபாலாகிவிடும், ஆகவே ஹேண்ட்பால் என்றே சொல்வோம்.) 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள தளத்தில் பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். பந்தைப் பிடித்தபின் மூன்று அடிக்கு மேல் வைக்கக் கூடாது. அணிக்கு ஏழு பேர், கபடியைப் போலவே. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எதிரணியின் தடுப்புச் சுவரை நோக்கி ஓடி, ஒரு பக்கம் போவது போல் ஏமாற்றி, காலை ஊன்றிச் சட்டென்று மறுபக்கம் திரும்புவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். பாடிப் போகிறவர் செய்வதும் இதைத்தானே?

நார்வே மகளிர் அணி 2008, 2012, 2024 ஆகிய ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றது. பாரிஸில் 2024-ல் வென்ற அணியில் இடம் பெற்றவர் நோரா மொர்க். 1991-ல் பிறந்தவர், இடக்கை ஆட்டக்காரர். நார்வேயிலும் ஹங்கேரியிலும் டென்மார்க்கிலும் புகழ்பெற்ற மன்றங்களுக்காகத் தொழில்முறையில் ஆடியவர். அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரட்டினால் ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயம் முழங்கால் காயம் வருகிறது. பலமுறை அறுவைச் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் மாதக் கணக்கில் ஆட்டமின்றி இருந்து, நடக்கவும் ஓடவும் தாவவும் படிப்படியாகப் பழகி, மறுபடி களத்துக்கு வந்திருக்கிறார். அவ்வளவுக்கும் பிறகு 33 வயதில் ஒலிம்பிக் தங்கம். மன உறுதி மட்டும் இதற்குப் போதாது. அவரைச் சுற்றி மருத்துவர்களும் உடற்பயிற்சி வல்லுநர்களும் இருந்தார்கள்.

ஹேண்ட்பால் ஆடும் பெண்களின் முழங்கால் நார்கள் அடிக்கடி கிழிவதைக் கண்ட ஆஸ்லோ நகர விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், காயம் நிகழ்ந்த ஆட்டங்களின் ஒளிப்படங்களைத் திரட்டிக் கட்டம் கட்டமாக ஓட்டிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அவர்களது ஆய்வில் 20 காயங்கள் அலசப்பட்டன. அவற்றுள் 12, காலை ஊன்றித் திரும்பும்போது நிகழ்ந்தவை. பல சமயம் யாரும் வந்து மோதக்கூட இல்லை! முழங்கால் அதிகம் மடங்காமல் ஏறக்குறைய நேராக இருக்கிறது. பாதம் தரையில் பதிந்து நிற்கிறது. முழங்கால் உட்பக்கமாகச் சாய்கிறது. அந்த நிலையில்தான் நார் அறுகிறது.

பின்னர் வந்த ஓர் ஆய்வு, பாதம் தரையைத் தொட்டதிலிருந்து நார் அறுவதுவரை ஆகும் நேரத்தைக் கணித்தது. சுமார் 40 மில்லி வினாடி. அதாவது ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இப்போது இன்னோர் எண்ணை இதன் பக்கத்தில் வையுங்கள். கண்ணால் ஒன்றைக் கண்டு, மூளை முடிவெடுத்து, தசை இயங்கத் தொடங்க நமக்குக் குறைந்தது 200 மில்லி வினாடி ஆகிறது. ஐந்து மடங்கு! 'ஐயோ, கால் பிசகுகிறதே' என்று உங்கள் மூளை அறிவதற்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காலை ஊன்றிய பிறகு எதுவும் செய்ய முடியாது.

அப்படியானால் காப்பது எது? பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் இறுகி, முழங்கால் மடங்கி, சரியான நிலையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதை யோசித்துச் செய்ய முடியாது. சைக்கிள் ஓட்டுவது போல உடம்புக்கே பழக்கமாகியிருக்க வேண்டும்.

பழக்க முடியுமா என்று சோதித்தார்கள். 2002-03 விளையாட்டுப் பருவத்தில் நார்வேயின் 120 மன்றங்களைச் சேர்ந்த 1837 இளம் ஆட்டக்காரர்கள் இந்தச் சோதனையில் பங்கு கொண்டார்கள். வயது 15 முதல் 17 வரை, உங்கள் வயதுதான். பாதி மன்றங்கள் வழக்கம்போல் ஆடின. மறு பாதியினர் ஆட்டத்துக்கு முன் 15 முதல் 20 நிமிடம் ஒரு குறிப்பிட்ட பயிற்சியைச் செய்தார்கள். பயிற்சி செய்தவர்களிடையே முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டன! இதற்காக எந்தப் பெரிய இயந்திரமும் வாங்கவில்லை. சமநிலைப் பழக்கத்துக்கு ஆடும் பலகையும் மெத்தையும்தான் கருவிகள்.

அதற்கு முன்பு பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் சுவையானது. நார்வே மகளிர் ஹேண்ட்பாலின் மேல்நிலைப் பிரிவுகளில் ஒரு பருவத்தில் 29 பேருக்கு இந்த நார் கிழிந்தது. பயிற்சியைப் புகுத்திய முதல் பருவத்தில் 23. இரண்டாம் பருவத்தில் 17. ஆராய்ச்சி முடிந்தது, ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள், மன்றங்களும் பயிற்சியை மெல்லக் கைவிட்டன. காயங்கள் மறுபடி ஏறத் தொடங்கின. வசதி மிகுந்த நாட்டிலும் மனித இயல்பு நம் ஊரைப் போலத்தான் போலும்!

அந்தப் பயிற்சி என்ன என்று கேட்பீர்கள். முதலில் மெதுவான ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், பின்னோக்கி ஓட்டம். பிறகு, ஊன்றித் திரும்பும் பழக்கம். ஓடி வந்து காலை ஊன்றும்போது முழங்கால் மடங்கியிருக்கிறதா, அது பாதத்தின் பெருவிரலுக்கு உட்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் எதிரே நின்று கவனிக்க வேண்டும். தாவிக் குதிக்கும்போது இரு காலையும் ஊன்றி, 'தொப்' என்று ஓசை வராமல் மென்மையாக இறங்க வேண்டும். அடுத்தது சமநிலை. ஆடும் பலகை இல்லாவிட்டால் பரவாயில்லை. குதிர் மணலிலோ மடித்துப் போட்ட சாக்கின் மீதோ ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்கலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. முழங்காலிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். நண்பர் பின்னால் அமர்ந்து உங்கள் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பைப் பலகை போல் நேராக வைத்து, மெல்ல மெல்ல முன்னால் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக் கொள்ளலாம். தொடையின் பின்புறத் தசைகள் இதில் உறுதி பெறுகின்றன. கீழ்க்கால் எலும்பைப் பின்னோக்கி இழுத்துப் பிடிப்பவை அவைதாம். ஆகவே முன் சிலுவைத் தசைநாருக்கு அவை உற்ற துணை. ஐந்து முறை போதும். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாம். உலகம் முழுவதும் இதற்கு நார்டிக் பயிற்சி என்று பெயர். நம்மவர்கள் பார்த்தால் கணுக்கால் பிடி என்பார்கள்!

கபடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தரை. வெறுங்காலோடு மணலிலும் செம்மண்ணிலும் ஆடும்போது பாதம் சற்று வழுக்கும். அந்த வழுக்கலில் திருகு விசை கொஞ்சம் கழிந்துவிடும். 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் உள்பட இன்றைய பெரிய போட்டிகள் விரிப்பின்மேல், காலணி அணிந்து ஆடப்படுகின்றன. பிடிமானம் கூடினால் வேகம் கூடும். பாதம் பதிந்து நின்றுவிடும் அபாயமும் கூடும். நார்வேயில் மரத்தளத்தையும், உராய்வு மிகுந்த செயற்கைத் தளத்தையும் ஒப்பிட்டபோது, செயற்கைத் தளத்தில் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகமாக நேர்ந்தது தெரிந்தது. ஊர்ப் பொட்டலில் ஆடிப் பழகிய மாணவர் மாவட்டப் போட்டிக்குப் போய் முதன்முதலாக விரிப்பில் இறங்குகிறார் என்றால், அவருடைய கால்கள் வேறோர் உலகத்தில் இறங்குகின்றன என்றே கொள்ள வேண்டும். இரண்டு நாளாவது முன்கூட்டி அதில் பழக வாய்ப்பு வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்பதில் தவறில்லை.

எத்தனை எச்சரிக்கையாக இருந்தாலும் சில காயங்கள் நேரத்தான் செய்யும். கபடியில் நாலு பேர் சங்கிலியாக வந்து காலின்மேல் விழும்போது எந்தப் பயிற்சியும் முழுக் காப்பு ஆகாது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஓசை கேட்டது, சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டது, நடக்கும்போது கால் திடீரென்று மடங்குகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய் தடவி நீவி விட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறியவில்லை" என்று கேட்டு நிம்மதியடைகிறவர்களும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. அனுபவமுள்ள மருத்துவர் முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி மெல்ல இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்து விடுவார். ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார்.

முற்றிலும் அறுந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டி முன்போல் ஆவதில்லை. ஓடித் திரும்பும் ஆட்டத்துக்கு மீள விரும்புகிறவருக்கு, அவருடைய உடம்பிலிருந்தே வேறு தசைநாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது புதிய இடத்தில் வேரூன்றி வலுப்பெற நீண்ட காலம் ஆகும். வலி நின்றவுடன் ஆடப் போய்விடக் கூடாது. ஆஸ்லோ ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுகாயம் ஏற்படும் வாய்ப்பு பாதியளவு குறைந்தது. மொர்க் போன்ற வீராங்கனைக்கு அந்த மாதங்களில் மன்றம் துணை நிற்கும். போட்டி ஆட்டத்தைப் பார்த்து வேலைக்கு எடுப்பார்கள் என்று காத்திருக்கும் நம் கிராமத்து இளைஞருக்கு ஒன்பது மாதம் என்பது ஒரு பருவம் முழுவதும் கைநழுவிப் போவதாகும். 15 நிமிடப் பயிற்சியின் மதிப்பை அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இன்று மாலை மைதானத்துக்குப் போகும்போது ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒற்றைக் காலில் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 30 எண்ணுங்கள். பிறகு மறு காலில். ஒரு கால் 30 வரை நிற்கும். மற்றது பன்னிரண்டிலோ பதினைந்திலோ தடுமாறும். எந்தக் கால் தடுமாறியது என்று குறித்து வைத்துக் கொண்டு, நாளையிலிருந்து அந்தக் காலில் தொடங்குங்கள்.